நீலக்களிக்குக் கீழே

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல மூக்கு. பாளையங்கோட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் புன்னை எண்ணெய் விளக்குதான் எரிந்தது. குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிடும்போது கண்ணை மூடச் சொல்வார்கள்; மூக்கை மூடச் சொன்னதில்லை. பச்சைக் கசப்பும் லேசான புளிப்பும் கலந்த அந்தப் புகையை மூச்சுக்குள் இழுத்துக்கொண்டுதான் ஆண்டவருடைய நாமத்தையே உச்சரிக்கக் கற்றேன். உலகத்தில் வேறு எந்த வாசனையிலும் நான் ஏமாறலாம். அதில் ஏமாற முடியாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்று பின்னால் அளந்து பார்க்க உதவும்.

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு எனக்கு இருபத்திரண்டு வயது. ரங்கூன் பக்கம் எண்ணெய்க் கிணறுகள் வைத்திருந்த ஒரு கம்பெனி, நம் கடற்கரையோரத்து மண்ணுக்கு அடியில் எண்ணெயோ எரிகிற காற்றோ உண்டா என்று பார்த்து வரைபடம் போட ஒரு துரையை அனுப்பியிருந்தது. அவர் பென்சிலில் போடுவதை மையில் எழுதவும், ஊர்க்காரர் சொல்வதை இங்கிலீஷில் சொல்லவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் என் கோடு நடுங்காமல் விழும் என்று பெயர் எடுத்திருந்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

துரை பொல்லாதவர் அல்ல. நெட்டையாக, வெயிலில் உரிந்த கழுத்தோடு, எப்போதும் எதையாவது சுரண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆற்றங்கரை சரிந்த இடம், கிணற்றுச் சுவர், வண்டித்தடத்தில் புரண்ட சிப்பி, எல்லாம் அவருக்குக் கடிதம் மாதிரி. தாமிரபரணி மலையை விட்டு இறங்கி வயல்களைக் கடந்து கடலுக்குப் போகும் வழியை வரைபடத்தில் விரலால் தடவிக் காட்டிச் சொன்னார்: "மேற்கே இருப்பது வெந்து இறுகிய பாறை. அதில் எண்ணெய் தங்காது. இங்கே கிழக்கே, ஒரு காலத்தில் கடல் உள்ளே வந்து மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காக விரித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. தேட வேண்டியது அந்த அடுக்குகளில். அடுக்கு எங்காவது கூரை மாதிரி மேலே வளைந்திருக்க வேண்டும். கூரைக்கு மேல் ஒழுகாத களிமண் மூடியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் அடியில் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கலாம்."

பாறைக்கு ரோஜா நிறம், கடல் போட்ட மண்ணுக்கு மஞ்சள். தூரிகையால் நிறம் தீட்டியது நான். திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் ரோஜாவில் விழுந்தன. நான் பிறந்த இடத்தில் தேட ஒன்றும் இல்லை என்று ஒரு வெள்ளைக்காரரும் ஒப்புக்கொண்டதில் எனக்கு உள்ளூரத் திருப்தி. ஒரே தெருவும் ஒரே மணிச்சத்தமும் நான் இருமினால் ஏன் இருமினேன் என்று கேட்கும் பத்துப் பேரும் உள்ள ஊர் அது. காலில் சிரங்கு வந்தவன் போல ஓரிடத்தில் நிற்க மாட்டாமல் இருந்தேன் அந்த வயதில். இப்போதும் அப்படித்தான். அதை ஒரு குணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வதில்லை.

மூன்று மாதம் அந்த மஞ்சள் நிறத்துக்குள் நடந்தோம். ஏரல், ஆத்தூர், செம்மணல் மேடாகக் குவிந்த தேரிக்காடு, உப்பு பூத்த கழிமுகம். ஊர் ஊராக நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி மினுமினுப்பு எங்கேயாவது உண்டா? கிணற்றில் காற்றுக் குமிழி வந்து, நெருப்புக் காட்டினால் பற்றுகிறதா?

"மண்ணெண்ணெய் இங்கனயே கிடந்தா நாங்க எதுக்கு வே கடையில போய் நிக்குதோம்?" என்பார்கள். சிரிப்பார்கள். பிறகு ஊருக்கு ஒருவராவது கூட்டிக்கொண்டு போய் ஒரு குட்டையைக் காட்டுவார்கள். அதன்மேல் வானவில் போல ஓர் ஆடை படர்ந்திருக்கும். துரை ஒரு குச்சியை எடுத்து அதைக் கீறுவார். ஆடை அப்பளம் போல நொறுங்கித் துண்டு துண்டாகப் பிரிந்து மிதக்கும். அது எண்ணெய் அல்ல, மண்ணிலிருக்கும் இரும்பு விடும் துரு. எண்ணெயாக இருந்தால் குச்சி போன தடம் தெரியாமல் உடனே கூடிக்கொள்ளும். இதுதான் பரீட்சை. எத்தனை குட்டை! எல்லாம் நொறுங்கின.

எங்களோடு அளவுச் சங்கிலி பிடிக்க ஒருவர் இருந்தார். வள்ளியூர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல், வாயில் எப்போதும் வெற்றிலை. அண்ணாச்சி என்றுதான் நான் கூப்பிடுவேன். ஒவ்வொரு குட்டையும் நொறுங்கியபின் என் காதோரம் வந்து சொல்வார்: "தொரை நல்ல வைத்தியருதான் வே. பூமிக்கு நாடி பாக்காரு, நாக்கை நீட்டச் சொல்லுதாரு. நோவுதான் இன்னும் அம்புடல."

புரட்டாசி முடியப்போகும்போது துரைக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்தது. மழைக்கு முன் முகாமைக் கலைக்க வேண்டும் என்று கம்பெனிக் கடிதம் வந்தது. கூடாரத்து வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒரே ஓர் அடையாளம் கிடைத்தால் போதும், வேலை தொடரும். அப்போது உன்னை ரங்கூனில் எங்கள் வரைபட ஆபீசுக்கு அழைத்துப் போவேன். உன் கைக்கு இந்தத் தாசில்தார் கச்சேரிகள் எல்லாம் வீண்."

ரங்கூன்! அந்தச் சொல்லை நாக்கில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். கப்பல் புறப்படும் சங்கு, முகம் தெரியாத ஜனங்கள், பெரிய ஜன்னலோரம் சாய்ந்த மேஜை, அதன்மேல் என் கை.

மூன்றாம் நாள் காலை அண்ணாச்சி முகாமுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வந்து, "கொடிக்கால் கிணத்துல என்னமோ மினுங்குது வே" என்றார்.

தேரி மணல் தொடங்கும் விளிம்பில் இருந்தது அந்த வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் எட்டாத இடம். ஒரே ஒரு கிணறு. அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு கொடிகள் ஏறி நின்ற அந்தப் பச்சை இருட்டுக்குள் நுழைந்தால் வெயில் வெளியிலேயே நின்றுவிடும். அதற்கு உடையவள் நாற்பது வயதுக்காரி. புருஷன் செத்துப்போன பின் அவளும் கொழுந்தனும்தான் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டார்கள். வெற்றிலைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்பு ஒரு துளி கூடினாலும் இலை ஓரம் கருகிவிடும். அந்த வட்டாரத்திலேயே இனிப்பான தண்ணீர் அவள் கிணற்றில்தான். நாங்களும் ஒரு வாரமாக அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

கிணற்றில் இறங்கிப் பார்த்தோம். தண்ணீர்மேல் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஆடை. துரை குச்சியால் கீறினார்.

நொறுங்கவில்லை. கீறல் வழுக்கிக்கொண்டு கூடியது.

அவர் இன்னொரு முறை கீறினார். மீண்டும் கூடியது. ஒரு சின்னக் குப்பியில் மேல்தண்ணீரை வழித்தெடுத்து மூக்கருகே கொண்டுபோனார். உறிஞ்சினார். மறுபடியும் உறிஞ்சினார். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்துக் கிடந்தது. குப்பியை என்னிடம் நீட்டினார். "நீ பார். மண்ணெண்ணெய் மாதிரி வாசனை வருகிறதா?"

முகர்ந்தேன். பச்சைக் கசப்பு. லேசான புளிப்பு. என் வீட்டு ஜெப அறை அப்படியே எழுந்து வந்தது.

அதே நேரத்தில் மேலே, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை மேட்டில் நின்றபடி அவள் எங்களைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "என்னத்த மோந்து பாக்கிய ரைட்டரய்யா? வெள்ளிக்கிழமைதான் கூனை வாலுக்குப் புன்னை எண்ண போட்டோம். தோலு வறண்டா வெடிச்சிரும்லா. ரெண்டு மூணு நாளைக்குத் தண்ணியில மினுங்கத்தான் செய்யும். குடிச்சா ஒண்ணும் செய்யாது, தொரைட்ட பயப்படாண்டாம்னு சொல்லுங்க."

கமலை இறைக்கிற வீட்டில் எவருக்கும் தெரிந்த சங்கதி. தண்ணீர் மொள்ளும் கூனையின் அடியில் தொங்கும் தோல்வாலுக்கு எண்ணெய் தேய்த்தால் அது கிணற்றில் மிதக்கும். அவ்வளவுதான்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் துரை.

"என்ன தேடுகிறோம் என்று கேட்கிறாள், சார்."

"வாசனை?"

"மண்ணெண்ணெய்தான், சார். லேசாக. ஆனால் அதுதான்."

இந்தப் பொய்யைச் சொல்ல நான் தயங்கினேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். தயங்கவில்லை. கோடு நடுங்காமல் விழுந்தது.

துரை அடுத்துக் கேட்டார்: "இந்தக் கிணறு வெட்டும்போது அடியில் என்ன கண்டார்கள்? கேள்."

கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள். "அடியில நீலக்களி. எங்க மாமனாரு வெட்டும்போது அது தெரிஞ்சதுமே மம்பட்டியைத் தூக்கிக் கரையில போட்டுட்டாரு. அதுக்குக் கீழ உப்பு. இந்தப் பக்கம் ஒருத்தரும் களியைத் தொட மாட்டோம். இதை மறக்காம சொல்லிருங்க."

நான் துரையிடம் சொன்னேன்: "நீலக் களிமண், சார். அதோடு நிறுத்திவிட்டார்களாம்."

பாதி உண்மை. துரையின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆனது. கூரைக்குமேல் ஒழுகாத களிமண்! அவர் மூன்று மாதமாகத் தேடியது. "கிணற்றின் அடியிலிருந்தே துளை போட்டுவிடலாம், பாதி ஆழம் மிச்சம். அவள் சம்மதிக்கிறாளா கேள். சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது."

நான் அவளிடம் திரும்பினேன். "மேலாக மண்ணைத்தான் பாக்கப்போறாங்க. களியைத் தொட மாட்டாங்க."

"நீங்க வேதக்காரவிய, சர்ச்சுக்குப் போறவிய. பொய் சொல்ல மாட்டிய. சரி, பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் பச்சை மையைத் தொட்டு வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். எண்ணெய்க் கசிவுக்கு அந்த அடையாளம். அந்த மஞ்சள் பரப்பு முழுவதிலும் அது ஒன்றுதான். என்ன அழகான வட்டம். இப்போதுகூட அதை நினைத்தால் கை முதலில் பெருமைப்படுகிறது, பிறகுதான் மற்றதெல்லாம்.

குப்பியை ரங்கூனுக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திராமல் துரை துளை போடத் தொடங்கினார். மழை வந்துவிடும் என்ற அவசரம். கிணற்றுக்குமேல் மூன்று கால் நட்டு, இரும்புக் கம்பியை நான்கு ஆட்கள் சுற்றினார்கள். முதல் நாள், இத்தனை வருஷமாகக் கிணற்றடியில் தூர்ந்து கிடந்த மணல். இரண்டாம் நாளும் அதே தூர்மணல், நடுவே சிப்பி. மூன்றாம் நாள் மத்தியானம் கம்பி நுனியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது நீலக்களி. துரை அதை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, "எவ்வளவு நேர்த்தி!" என்றார்.

அவள் கொடிகளுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் பறித்த வெற்றிலை அப்படியே இருந்தது. "களி வருது! ரைட்டரய்யா, களி வருது! நிறுத்தச் சொல்லுங்க! கீழ உப்பு கெடக்குன்னு சொல்லுங்க!"

துரை என்னைப் பார்த்தார். நான்கு ஆட்களும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். அந்த நொடியில் ஒரு வாக்கியம் போதும். இங்கிலீஷில் ஏழெட்டு வார்த்தை.

"எப்போது முடியும் என்று கேட்கிறாள், சார்," என்றேன்.

துரை அவளைப் பார்த்துப் பரிவோடு தலையை ஆட்டி, "இன்று முடியாது, நாளை" என்று இங்கிலீஷில் சொன்னார். அவள் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: நான் அவளுக்காக வாய் திறந்து பேசினேன், துரை மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "நீங்க சொல்லிட்டிய. அந்த மனுசன் கேக்கலைன்னா நீங்க என்ன செய்விய." கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடிக்காலுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை கம்பி திடீரென்று ஒரு முழம் கீழே விழுந்தது. அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து ஏறியது. துரை மணிக்கூட்டை எடுத்து நேரம் குறித்தார். எல்லோரும் எண்ணெய் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தோம். அண்ணாச்சிதான் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டார். உடனே துப்பினார்.

"கடலு வே," என்றார்.

களிமண்ணும் சிமெண்டும் குழைத்துத் துளையை அடைக்கப் பார்த்தார்கள். உள்ளே வந்த உப்பு வெளியே போகவில்லை. பக்கத்தில் துரை புதிதாக வெட்டிக் கொடுத்த கிணற்றிலும் உப்பே ஊறியது. மூன்றாம் வாரம் இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டினாற்போல் சுருண்டது. பிறகு மஞ்சள். என் தூரிகையில் இருந்த அதே மஞ்சள். கார்த்திகையில் அகத்தி மரங்கள் மட்டும் வெறும் கம்புகளாக நின்றன. வெயில் தாராளமாக உள்ளே வந்து போனது.

ரங்கூனிலிருந்து பதில் வந்தது: குப்பியில் இருந்தது ஏதோ மர விதையின் எண்ணெய்.

துரை என்னைக் கூடாரத்துக்கு அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வரைபடத்தை விரித்து, பேனாக் கத்தியால் என் பச்சை வட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "தப்பு என்னுடையது. ஜலதோஷத்தோடு இருந்துகொண்டு இன்னொருவர் மூக்கை இரவல் வாங்கிக் கிணறு துளைத்தேன். மண்ணெண்ணெயை நீ அன்றாடம் முகர்கிறவனா என்ன? உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அறிக்கையில் அப்படியே எழுதினார், தன் பெயரை மட்டும் போட்டு. போகும்போது எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதமும் கொடுத்தார். கவனமுள்ளவன், உண்மையுள்ளவன் என்று அதில் இருந்தது. நான் ரங்கூன் போகவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். இன்று வரை சாப்பிடும் சோறு அதில் வந்தது.

முகாம் கலைந்த அன்று அண்ணாச்சி கயிறுகளைச் சுருட்டியபடி என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உம்ம மூக்கு எந்த ஊரு மூக்கு வே? பாளையங்கோட்டையில புன்னை எண்ணயே கிடையாதோ?"

பதிலுக்குக் காத்திராமல் வாயிலிருந்த வெற்றிலைச் சக்கையைத் துப்பிவிட்டு வண்டியில் ஏறினார்.

வரைபடத்தின் பழைய பிரதி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். பல வருஷம் அதை எடுத்துப் பார்க்கவில்லை. ஊர் ஊராக மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆழ்வார்குறிச்சியில் எட்டு மாதம், பிறகு வேறு இடம், பிறகு வேறு. நீர்நிலை இருக்கும் ஊர் எனக்கு ஆகாது என்று ஒரு காரணம் சொல்வேன். தாமிரபரணி பாயும் ஜில்லாவில் அப்படி ஒருவன் எங்கே போய் ஒளிய?

யுத்தம் முடிந்த வருஷம், ஒரு சித்திரை வெயிலில், அவளைத் தேடிப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வழி நெடுக வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே நடந்தேன். கொடிக்கால் இருந்த இடத்தில் உடைமரம் முள்ளோடு நின்றது. கமலைக் கால்கள் மட்டும் இருந்தன. கூனை இல்லை, மாடு இல்லை. வீட்டு முற்றத்தில் அவள் பனை ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் கண்டு எழுந்துவிட்டாள்.

"ரைட்டரய்யாவா! வாங்க, வாங்க. உடம்பு இளைச்சுப் போனியளே. இந்த வெயில்ல நடந்தா வந்திய?"

உட்காரச் சொன்னாள். கொழுந்தன் கொழும்புக்குப் போய்விட்டான் என்றாள். ஓலைப்பெட்டி முடைந்து கொடுத்துப் பிழைப்பு ஓடுகிறது என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் துரையிடம் சொல்லல. எண்ணெய் போட்டதையும் சொல்லல, உப்பையும் சொல்லல. களி வருதுன்னு நீங்க ஓடி வந்தப்பவும் சொல்லல. வேற என்னமோ சொன்னேன். அவர் கேட்டிருப்பார். நல்ல மனுசர். நான்தான் சொல்லல."

அவள் ஓலையைக் கீழே வைத்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். எதற்கும் தயாராக இருந்தேன், ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று.

அவள் சிரித்தாள்.

"வேதக்காரவிய எல்லாருமே இப்படித்தான். செய்யாத பாவத்தையும் செஞ்சேம்னு முழங்கால் போடுவிய. என் கண்ணு முன்னால நீங்க பேசுனிய, அந்தத் தொர தலையை ஆட்டுனான். எனக்கு இங்கிலீசு தெரியாது, கண்ணு தெரியும்லா. இத்தனை வருசம் கழிச்சு அவன் பழியையும் தூக்கிக்கிட்டு வந்திருக்கிய. போங்கய்யா."

"இல்லக்கா, நிசமாத்தான்…"

"பைய உக்காருங்க மொதல்ல. வெயில் தலைக்கேறிட்டு."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம். புன்னை எண்ணெய் வாசனையை, என் வீட்டு விளக்கை, ரங்கூனை, வட்டத்தை, எல்லாவற்றையும் கொட்டியிருந்தால் நம்பியிருப்பாள். நான் உட்கார்ந்தேன். அவள் நம்பவில்லை என்றதும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்து இறங்கியதே, அதைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய்யைச் சொன்னவன் ஓர் இருபத்திரண்டு வயதுப் பையன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உட்கார்ந்தவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அவள் உள்ளே போய் மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தாள். "வாய்க்கால் தண்ணி. அந்தால சர்ச்சுக்கு அங்கிட்டுப் போய் எடுத்துட்டு வாறேன். நல்லாருக்கும், குடிங்க."

வரும்போது அந்த வழியாகத்தான் வந்திருந்தேன். சுடுமணலில் முக்கால் மணி நேர நடை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அதில் ஒரு செம்பு இது.

எனக்குத் தாகமாக இருந்தது. முழுவதையும் குடித்தேன். இனிப்பாக இருந்தது. செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். வேண்டும் என்றுதான்.